நான்காவது அடுப்புவாய்

அடுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது எப்படி வேலை செய்தது என்று தெரியாதவருக்கு, அந்த டிசம்பரில் எங்கள் சமையலறையில் நடந்தது வெறும் அக்கம்பக்கத்துச் சண்டையாகத்தான் தோன்றும்.

வடதேசத்து ஆலை நகரமான தாம்பெரேயில், ஆலைக்காரர்கள் குடியிருந்த அமூரிப் பக்கத்து மரவீடுகளில் நான்கு குடும்பங்களுக்கு ஒரு சமையலறை. நான்கு பக்கமும் நான்கு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு செங்கல் அடுப்பு. எங்கள் வீட்டு அடுப்பு ஒரு பெரிய கட்டில் அளவு இருக்கும். அதில் நான்கு வாய்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இரும்புக் கதவு, மேலே பானை வைக்கத் தனி இடம். ஒவ்வொரு வாயின் புகையும் செங்கலுக்குள் தன் வழியே மேலும் கீழுமாக வளைந்து போய், சூட்டையெல்லாம் செங்கலிடம் கொடுத்துவிட்டு, கடைசியில் மற்ற மூன்றோடும் ஒரே புகைபோக்கியில் சேரும். அந்தப் புகைபோக்கியின் கழுத்தில் ஓர் இரும்புத் தகடு. கைப்பிடியை இழுத்தால் தகடு நகர்ந்து கழுத்தை அடைத்துவிடும்.

சூட்சுமம் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. விறகு எரிந்து முடிந்த பிறகும் தகடு திறந்தே இருந்தால், செங்கலில் சேர்ந்த சூடெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். வெளியே குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு வேகமாக இழுக்கும். மூடிவிட்டால் விடியும்வரை சமையலறை கதகதப்பாக இருக்கும். ஆனால் சீக்கிரம் மூடிவிடக் கூடாது. மஞ்சள் சுவாலை அடங்கித் தணலான பிறகும், தணலின்மேல் சின்னச் சின்ன நீல நாக்குகள் ஆடிக்கொண்டிருக்கும். தணலுக்குள்ளிருந்து வரும் ஒரு வாயு எரிகிறது என்று அதற்கு அர்த்தம். அப்போது தகட்டை மூடினால் அந்த வாயு எரிவது நின்று, மேலே போக வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் தலை வலிக்கும். பிறகு தூக்கம் வரும். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் அப்படித் தூங்கிப்போயிருந்தது.

நான்கு வாய்க்கும் ஒரே தகடு என்பதால் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று தகட்டு முறை சுற்றிவரும். முறைக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்று அறைகளையும் பெயர் சொல்லி, "கறுத்தாச்சா?" என்று கேட்பார். அறைக்கு ஒரு குரல், "கறுத்தாச்சு" என்று பதில் சொல்லும். மூன்று பதிலும் வந்து, தன் வாயும் கறுத்திருந்தால்தான் கைப்பிடியை இழுக்கலாம்.

குனிந்து பார்த்தால் தெரியாதா, எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைக்கலாம். மற்றவர் அடுப்புவாயை நாங்கள் திறப்பதில்லை. அது மற்றவர் பானையைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். இந்த வாரம் அவர்கள் எரிப்பது காசு கொடுத்து வாங்கிய பிர்ச் கட்டையா, கட்டட வேலையில் பொறுக்கிய மரச் சிலாம்பா என்பது தெரிந்துவிடும். குளிப்பதும் துவைப்பதும் இருமுவதும் அழுவதும் மற்ற மூன்று குடும்பங்களுக்கும் கேட்கும்படி வாழ்கிற இடத்தில், அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் இருப்பதாவது அவரவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்.

முதல் அறையில் நானும் என் மனைவி இம்பியும். நான் பருத்தி ஆலையின் டர்பைன் அறையில் வேலை, அவள் அதே ஆலையில் நெசவு. எதிர் அறையில் ஆபெலி. இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை செய்கிற தனிக்கட்டை. மூன்றாவது அறையில் லோவீசா. உள்நாட்டுப் போர் முடிந்த கோடையில் கைதிகள் முகாமில் பசியால் செத்தவர்களில் அவள் கணவனும் ஒருவன். அதற்குப் பிறகு பத்து வருடம் அவள் தறியும் தொழிற்சங்கமுமாகவே இருந்தாள். எங்கள் எல்லோரையும்விட மூத்தவள். சமையலறையில் அவள் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. ஆபெலி அவளை "எசமானியம்மா" என்று கூப்பிடுவான்.

"ஆபெலி! கறுத்தாச்சா?"

"என் அடுப்பும் கறுத்தாச்சு, என் சட்டையும் கறுத்தாச்சு எசமானியம்மா. எதை மொதல்ல பாக்குறீங்க?"

"சட்டையைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அடுப்பை மட்டும் சொல்லு."

நான்காவது அறையில் ஹுல்தா. நாற்பது வயதுக்குள் இருக்கும், தனியாள். தறிக் கூடத்தில் இம்பிக்குப் பக்கத்துத் தறிக்காரி. ஒருத்தி நூலறுந்து தடுமாறினால் இன்னொருத்தி ஓடிவந்து கட்டிக் கொடுப்பாள், அப்படிப் பழக்கம். அந்த இலையுதிர்காலம்வரை.

இலையுதிர்காலத்தில் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலியைக் குறைத்ததற்காக ஆரம்பித்தது. லோவீசா தன் தையல் எந்திரத்தை விற்று, பொதுக்கஞ்சிக்கு பார்லி வாங்கிப் போட்டாள். எத்தனையோ வாரம் தாக்குப்பிடித்தோம். ஒரு திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் நின்ற எங்கள் ஆட்களைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு ஒரு கைப்பிடிப் பேர் உள்ளே போனார்கள். அவர்களில் ஹுல்தாவும் இருந்தாள். பத்து நாளில் எல்லாம் உடைந்துபோயிற்று. திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொண்டார்கள். லோவீசாவைச் சேர்க்கவில்லை. அவளுடைய இரண்டு தறிகளும் ஹுல்தாவின் கைக்குப் போயின.

அன்று சாயங்காலம் ஹுல்தா வீட்டுக்கு வந்தபோது லோவீசா அடுப்பைப் பார்த்தபடியே எங்களிடம் சொன்னாள்: "இந்தச் சமையலறையில ஒரு கருங்காலி இருக்கா. அவகூட யாரும் பேசக் கூடாது. அவ பேசினா யாருக்கும் காது கேக்கக் கூடாது."

யாரும் மறுக்கவில்லை. தாம்பெரேயில் அது புதிய தண்டனையும் இல்லை. போன தலைமுறைக் கருங்காலியின் பேரன்களோடுகூடப் பேசாதவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். நாங்களும் நிறுத்தினோம். சனிக்கிழமை முற்றத்து சவுனா என்ற நீராவிக் குளியலறையில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு, கல்லில் சூடு செத்திருக்கும் நேரத்தில் ஹுல்தா தனியாகப் போய்க் குளித்தாள். ஏன் உள்ளே போனாள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும்.

அவளுடைய தகட்டு முறையும் பறிபோயிற்று. அவளைக் கேட்பதும் நின்றது. அப்படியானால் நான்காவது வாய் கறுத்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு வழி கண்டுபிடித்தது ஹுல்தாதான். எங்களுக்கெல்லாம் முன்பே எழுந்து தன் சமையலை முடித்துவிடுவாள். சாயங்காலமும் எல்லோருக்கும் முந்திப் பற்றவைப்பாள். தணல் முழுதும் அணைந்ததும் தன் இரும்புக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். உள்ளே இருட்டு. எங்கள் வழக்கத்தில் யாருமே செய்யாத காரியம் அது. தன் வாயைத் தானே ஊருக்குத் திறந்து காட்டுவது. முறைக்காரர் மற்ற இரண்டு பெயரைக் கூப்பிடுவார், இரண்டு பதிலை வாங்குவார், கடைக்கண்ணால் நான்காவது வாயின் இருட்டைப் பார்ப்பார், கைப்பிடியை இழுப்பார். யாரும் யாரோடும் பேசாமலே தகடு சரியாக மூடிக்கொண்டிருந்தது. நவம்பர் முழுக்க அப்படியே ஓடிற்று.

பிறகு ஆறு ஆலையை நிறுத்தியது.

இதையும் விளக்கிவிடுகிறேன். நேசி ஏரி மேலே, பூஹே ஏரி கீழே. இரண்டையும் இணைக்கும் ஆறு, ஊருக்குள்ளேயே பத்து ஆள் உயரத்துக்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தில்தான் எங்கள் ஊரின் ஆலைகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லலாம். வாய்க்காலில் வரும் தண்ணீர் இரும்புக் கம்பி வேலியைத் தாண்டி டர்பைனுக்குள் விழும். கட்டையும் குப்பையும் உள்ளே போகாமல் தடுக்கத்தான் அந்த வேலி. ஏரி முழுதும் உறைந்துவிட்டால் எங்களுக்குக் கவலை இல்லை; பனிமூடி தண்ணீருக்குப் போர்வை மாதிரி. ஆபத்து அதற்கு முன்பு, ஏரி திறந்திருக்கும்போதே கடுங்குளிர் வந்தால்தான். ஓடுகிற தண்ணீரால் உறையவும் முடியாது, குளிராமல் இருக்கவும் முடியாது. உறைநிலைக்கு ஒரு மயிரிழை கீழே போய், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பனித் தகடுகள் கோடிக்கணக்கில் பிறக்கும். அவை எதைத் தொட்டாலும் ஒட்டும். இரும்பைத் தொட்டால் விடவே விடாது. சற்று நேரத்தில் கம்பி வேலி முழுக்க வெள்ளைக் கூழ் அப்பிக்கொண்டு, அந்தப் பக்கம் தண்ணீர் முட்டி நிற்க, இந்தப் பக்கம் டர்பைன் தண்ணீரில்லாமல் மூச்சுத் திணறும்.

டிசம்பர் முதல் வாரத்தில் மைனஸ் இருபதுக்கும் கீழே இறங்கியது. ஏரி கறுப்பாக, ஆவி பறக்கத் திறந்து கிடந்தது. நாங்கள் நீண்ட கைப்பிடி வாரிகளால் கூழைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். எடுத்த இடத்தில் உடனே மறுபடி அப்பியது.

"ஆறு கஞ்சி காய்ச்சுதுடா, சர்க்கரைதான் இல்ல" என்றான் என்னோடு சுரண்டியவன்.

மத்தியானத்துக்குள் தறிகள் நின்றன. தறிக் கூடத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களை மட்டும் வேலியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் அன்று சமையலறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. இம்பி சொல்லித்தான் தெரியும்.

எல்லோரும் அகாலத்தில் வீடு திரும்பியதால் எல்லா அடுப்புவாயும் ஒரே நேரத்தில் பற்றவைக்கப்பட்டன. பட்டறைக்கும் மின்சாரம் போய்விட்டதால் ஆபெலியும் வந்துவிட்டான். ஹுல்தா கடைசியாக வந்தாள். வழக்கமாக முந்திக்கொள்கிறவள் அன்று எல்லோருக்கும் பிந்திப் பற்றவைத்தாள்.

லோவீசா ஆலை வேலை இல்லாததால் அப்போது துணி துவைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். காலை முழுக்க ஏரிக்கரையில் நின்று அடுத்தவர் படுக்கைவிரிப்புகளை அலசிவிட்டு வந்திருந்தாள். விரல்கள் மடங்கவில்லை. அவளிடம் விறகு கொஞ்சம்தான். அது சீக்கிரம் எரிந்து சீக்கிரம் கறுத்துவிட்டது. அதன் சூடு செங்கலில் இருந்தது. தகடு திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சூடு ஹுல்தாவின் நெருப்புக்காகப் புகைபோக்கியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம் லோவீசாவின் முறை. கைப்பிடியைப் பிடித்தாள்.

"விஹ்தோரி! கறுத்தாச்சா?" விஹ்தோரி நான்தான். அறைக்கு என் பெயர், பதில் எப்போதும் இம்பியுடையது.

"கறுத்தாச்சு."

"ஆபெலி!"

"கறுத்தாச்சு, எசமானியம்மா."

நான்காவது வாயின் கதவு மூடியிருந்தது. லோவீசா அதைப் பார்த்தாள். பார்த்ததை இம்பி பார்த்தாள்.

அப்போதுதான் ஹுல்தா தன் அறை வாசலில் வந்து நின்று பேசினாள். இரண்டு மாதத்தில் அந்தச் சமையலறையில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"என்னோடது இன்னும் நீலமா எரியுது."

யாருக்கும் காது கேட்கவில்லை.

"லோவீசா, என்னோடது கறுக்கல. கொஞ்சம் பொறுங்க."

லோவீசா இம்பியின் பக்கம் திரும்பி, "காத்து ரொம்ப அடிக்குது. சன்னல் இடுக்கில துணி வைக்கணும்" என்றாள். கைப்பிடியை இழுத்தாள். தகடு உட்கார்ந்தது. கைப்பிடியை விடாமல் அதற்கு முன்னாலேயே நின்றாள். அதைத் திறக்க வேண்டுமானால் ஹுல்தா அவளைப் பிடித்துத் தள்ளித்தான் திறக்க வேண்டும்.

ஹுல்தா தள்ளவில்லை. தகர வாளியையும் சாம்பல் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தன் அடுப்பின் முன் மண்டியிட்டாள். இரும்புக் கதவைத் திறந்து, எரிகிற தணலை அள்ளி வாளியில் போட்டாள். வாளியின் வாயில் நீல நாக்குகள் ஆடின. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கும் லோவீசாவுக்கும் நடுவில் நடந்து போனாள். வாசல் கதவை யாரும் திறந்துவிடவில்லை. முழங்கையால் தாழைத் தள்ளித் திறந்தாள். முற்றத்துப் பனியில் கொட்டியபோது எழுந்த சத்தம், நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்ட மாதிரி இருந்ததாம். திரும்பி வந்து மறுபடி அள்ளினாள். மறுபடி போனாள். கடைசிக் கங்குவரை. பிறகு தன் இரும்புக் கதவை அகலத் திறந்து வைத்தாள். உள்ளே இருட்டு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பானையில் உருளைக்கிழங்கு பாதி வெந்தபடி கிடந்தது.

நான் வீடு வந்தபோது இம்பி படுக்கையில் உட்கார்ந்திருந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"நூலறுந்தா ஓடிப்போய்க் கட்டுறவ நானு" என்றாள். "இன்னிக்குக் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

"லோவீசாவுக்கு வாயுவைப் பத்தித் தெரியாதா? அவளும் இதே வீட்லதானே தூங்குறா?"

"தெரியும். அதான் பயமா இருக்கு. அவ கேட்டிருந்தா கருங்காலி சொன்ன பேச்சு அவ காதுல விழுந்ததுன்னு ஆயிடும். அதுக்குப் பதிலா எல்லாரும் சாகலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சிருக்கா. ஒரு நிமிஷம்தான். ஆனா நெனச்சா."

மறுநாளும் ஆலை ஓடவில்லை. ஹுல்தா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தண்ணீர் எடுக்க ஒரு தடவை வந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அவள் கதவின் கீழிடுக்கில், உள்பக்கமிருந்து, வெள்ளையாக உறைபனி எட்டிப்பார்த்தது. எங்கள் மூன்று வாயிலும் சமையல் நடந்தது. நாங்கள் உப்புமீனும் உருளைக்கிழங்கும். ஆபெலி சந்தையிலிருந்து ரத்தத்தில் செய்த கறுப்பு சாசேஜ் வாங்கிவந்து வாட்டினான். அந்த வாசனையில் மற்ற நாளாக இருந்தால் எல்லோருக்கும் ஒரு துண்டு கேட்டுக் கிடைத்திருக்கும். அன்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் லோவீசா கைப்பிடியைப் பிடித்தாள்.

"விஹ்தோரி! கறுத்தாச்சா?"

இம்பி மேசையருகே காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னிக்கொண்டே இருந்தாள்.

"இம்பி, காது அடைச்சுப் போச்சா?"

"காது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சொல்லு."

"எல்லாரையும் கேளுங்க. சொல்றேன்."

"எல்லாரையும்தான் கேக்குறேன்."

"நாலு வாய் இருக்கு, லோவீசா. நீங்க மூணைத்தான் கணக்குல எடுக்குறீங்க."

லோவீசாவின் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. "என் தறி முன்னால அவ நிக்கிறா. நான் ஏரித்தண்ணியில எவன் எவன் சட்டையோ அலசுறேன். என் கையைப் பாரு. அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிடணுமா?"

"தறியைப் பத்தி நான் பேசல. அதுல நான் உங்க பக்கம்தான், என்னிக்கும். நெருப்பைப் பத்திப் பேசறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல."

லோவீசா அவளை விட்டுவிட்டு எதிர் அறைப்பக்கம் திரும்பினாள். "ஆபெலி! கறுத்தாச்சா?"

ஆபெலி தன் வாசலில் குந்தி உட்கார்ந்து பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தான். "என்னோடதா? இன்னும் இல்ல."

"பொய் சொல்லாத. உன் அடுப்பு எப்பவோ செத்துப்போச்சு."

"செத்துப்போச்சுதான். ஆனா சொல்லமாட்டேன்."

"என்னடா இது?"

"வேலைநிறுத்தம், எசமானியம்மா."

"யாருக்கு எதிரா?"

"கைப்பிடி யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான். எப்பவும் அப்படித்தானே?"

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

லோவீசா தகட்டை மூடியிருக்கலாம். நான்கு வாயும் கறுத்திருந்தது அவளுக்கு நன்றாகத் தெரியும்; ஆபத்து எதுவும் இல்லை. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஆனால் பதில் சொல்லமாட்டோம் என்று இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது இழுப்பதற்கு ஒரு பெயர் உண்டு. வாழ்நாளில் ஒரு வேலைநிறுத்தத்தையும் உடைக்காத கை அது. கைப்பிடிமேல் அப்படியே இருந்தது.

புகைபோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. காது கொடுத்தால் கேட்கும், அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். சன்னலின் மூலைகளில் இருந்த உறைபனி மெல்ல நடுவை நோக்கி வளர்ந்தது. நான் எழுந்து போய் எங்கள் போர்வையைக் கொண்டுவந்து இம்பியின் தோளில் போட்டேன். அவள் ஊசியை விடவில்லை. செங்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாதபடி கொதித்த இடத்தில் இப்போது உள்ளங்கையைத் தாராளமாக வைக்க முடிந்தது. இன்னும் சற்று நேரம் போனால் மூடியும் பிரயோசனம் இருக்காது. நான்கு அறைக்கும் அன்றைய சூடு அவ்வளவுதான்.

ரொம்ப நேரம் கழித்து லோவீசா பேசினாள். யாரையும் பார்க்கவில்லை, கைப்பிடியைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த அறை."

இம்பியின் ஊசிகள் நின்றன.

"அந்த அறையில... கறுத்தாச்சா?"

உள்ளே கட்டில் சத்தம். பிறகு மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஹுல்தாவின் குரல், குளிரில் பல் தட்டுப்பட வந்தது.

"நேத்துலேருந்து கறுப்புதான்."

"விஹ்தோரி?" என்றாள் லோவீசா.

"கறுத்தாச்சு" என்றாள் இம்பி.

"ஆபெலி?"

"கறுத்தாச்சு."

மூன்று பதிலும் வந்துவிட்டன. முறைப்படி இனி இழுக்க வேண்டியதுதான். இழுத்தால் காலைவரை யாரும் பற்றவைக்க முடியாது. லோவீசா இழுக்கவில்லை. கைப்பிடியை விட்டாள். தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இம்பி, நான் இப்ப மூடப்போறதில்ல" என்றாள் உரக்க. எதிரில் உட்கார்ந்திருந்த இம்பிக்கு அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. "ஒரு அடுப்பு விறகு எரிஞ்சு கறுக்கிற நேரம் தெறந்தே கெடக்கும். யாருக்குப் பத்தவைக்கணுமோ பத்தவைக்கட்டும்."

கதவு திறந்தது. ஹுல்தா கோட்டும் தலைத்துணியுமாக, சூடுபட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையில் விறகோடு வந்தாள். ஒரு கையால் தீக்குச்சி உரசத் தெரியாமல் தடுமாறினாள். இம்பி எழுந்து போய் உரசிக் கொடுத்தாள். நெருப்பு பிடித்துக்கொண்டது. கெட்டிக் குளிரில் புகைபோக்கி நன்றாக இழுக்கும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் கட்டைகள் வேகமாக எரிந்தன. அரை வேக்காட்டு உருளைக்கிழங்கை அவள் மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

அந்த நெருப்பு மஞ்சளாகி, சிவப்பாகி, நீலம் ஆடி, நீலம் குறைவதுவரை நாங்கள் நான்கு குடும்பமும் அதே சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் மூன்று வாயின் சூடும் அவளுடைய புகையோடு சேர்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆபெலிதான் ஒரு தடவை, "இப்ப ஒரு காப்பி இருந்தா" என்று ஆரம்பித்தான்.

"இருந்தா குடிச்சிருப்போம். இல்ல. சும்மா இரு" என்றாள் லோவீசா.

கடைசியில் எழுந்து கைப்பிடியைப் பிடித்தாள். "அந்த அறை. கறுத்தாச்சா?"

"கறுத்தாச்சு."

தகடு உட்கார்ந்தது. ஹுல்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லோவீசா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நான் நெருப்பைத்தான் கேட்டேன்" என்றாள் அடுப்பைப் பார்த்து. "ஆளைக் கேக்கல."

தன் அறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாளில் ஏரி மூடிக்கொண்டது. கம்பி வேலியில் கூழ் நின்றது. டர்பைன் ஓடியது. தறிகள் ஓடின. லோவீசாவின் தறிகள் முன்னால் ஹுல்தாதான் நின்றாள். ஏரிப் பனியில் துளை போட்டு லோவீசா துணி அலசினாள். அந்த விஷயத்தில் எதுவும் மாறவில்லை. சமையலறையில் பேச்சும் திரும்பவில்லை. சவுனாவுக்கு ஹுல்தா கடைசியாகத்தான் போனாள். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் மற்ற பெயர்களைக் கூப்பிட்ட பிறகு, "அந்த அறை" என்று ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. ஹுல்தா தன் இரும்புக் கதவை மறுபடி மூடி வைக்க ஆரம்பித்தாள். கேட்கிறவர் இருக்கும்போது அதைத் திறந்து காட்ட வேண்டியதில்லை.

கேட்கிறவளாக அவளும் ஆக வேண்டியிருந்தது. ஜனவரியில் தகட்டு முறை சுற்றிவந்தபோது, ஆபெலியின் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கைப்பிடியைத் துணியால் துடைத்துவிட்டு, "நாலாவது அறையோட வாரம்" என்று பொதுவாக அறிவித்தான். லோவீசா மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஹுல்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விஹ்தோரி! கறுத்தாச்சா?"

"கறுத்தாச்சு" என்றாள் இம்பி.

"ஆபெலி?"

"நிலக்கரி மாதிரி."

"லோவீசா? கறுத்தாச்சா?"

லோவீசா தன் அடுப்புவாயின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. ஹுல்தா காத்திருந்தாள். இம்பியின் கை என் சட்டைக்கையைப் பிடித்திருந்தது. புகைபோக்கி முனகியது. மறுபடி கேட்கவும் ஹுல்தாவுக்குத் துணிவு வரவில்லை, கேட்காமல் மூடவும் அவள் தயாராக இல்லை.

லோவீசா குனிந்து நெருப்புக் கிளறும் கம்பியை எடுத்தாள். தன் இரும்புக் கதவில் ஒரு தட்டுத் தட்டினாள். சின்னச் சத்தம்தான், ஆனால் சமையலறை முழுக்கக் கேட்டது.

ஹுல்தா எங்களைப் பார்த்தாள். இம்பி தலையசைத்தாள். ஹுல்தா கைப்பிடியை இழுத்தாள்.

அந்த வீட்டில் நாங்கள் குடியிருந்த வருடங்களெல்லாம், ஹுல்தாவின் வாரத்தில் லோவீசாவின் பதில் அந்த ஒரு தட்டாகத்தான் இருந்தது. லோவீசாவின் வாரத்தில் ஹுல்தாவின் பெயர் "அந்த அறை" என்றே இருந்தது. இரண்டும் ஒரு நாளும் தவறவில்லை.